ஒற்றை விசில்

பேருந்து வருவதற்குள் தையல்காரி தன் புருஷனிடம் கேள்விகளை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கேன்னு சார்ஜன்ட் கேட்டா என்ன சொல்லணும்?"

"நல்லா இருக்கேன் சார்."

"சாப்பாடெல்லாம்?"

"நானே சாப்பிடுறேன்."

"குளியல்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லிப் பழகாத பிள்ளையைப் போல அவள் முகத்தையே பார்த்தார். "நீதானே தண்ணி ஊத்துற?"

"ஐயோ, அதைச் சொல்லிடாதீங்க. நானே குளிக்கிறேன்னு சொல்லுங்க."

"நானே குளிக்கிறேன்னு சொல்லுங்க," என்றார் அவர், ஒரு எழுத்து பிசகாமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

அவர் காற்சட்டையை அவள்தான் இந்தப் பயணத்துக்காக மாற்றித் தைத்திருந்தாள். ஜிப்பும் பொத்தானும் அவர் விரல்களுக்குப் பிடிபடாத வித்தைகளாகிவிட்டன. ஆகவே ஜிப்பைப் பிரித்தெடுத்துவிட்டு உள்பக்கமாக ஒட்டுப்பட்டை வைத்து, பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராதபடி மேலே ஒரு பொத்தானை மட்டும் சும்மா தைத்திருந்தாள். இழுத்தால் பிரியும், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மாற்றித் தைப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. இடுப்பு பெருத்தவர்களும் இளைத்தவர்களும், அண்ணன் சட்டையைத் தம்பிக்கு வெட்ட வேண்டியவர்களும் அவள் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். சட்டைப்பையில் ஒரு பேனாவையும் செருகியிருந்தாள். அவர் எழுதி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் பையில் பேனா உள்ள ஆளை யாரும் சட்டென்று குறைத்து எடைபோடுவதில்லை என்பது அவள் கணக்கு.

இத்தனை ஜோடனையும் புருஷனின் பழைய படைப்பிரிவுச் சார்ஜன்ட் ஒருவருக்காகத்தான். முன்னாள் வீரர்களுக்கான இல்லம் ஒன்றுக்கு அவர்தான் இப்போது தலைவர். யாரைச் சேர்ப்பது என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களை மட்டுமே அங்கே எடுப்பார்கள். தானே குளிக்க வேண்டும், தானே உடுத்த வேண்டும், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தன் அறைக்குத் தானே திரும்பி வர வேண்டும். தையல்காரி தொலைபேசியில், "கொஞ்சம் மறதிதான் சார், வேற ஒண்ணுமில்ல," என்று சொல்லியிருந்தாள். அவரோ, "எதுக்கும் நம்ம ஆளுங்க போற இந்த வருஷச் சுற்றுலாவுக்குக் கூட்டிட்டு வாங்க தங்கச்சி. ரெண்டு நாள் கூட இருந்தா எனக்கே தெரிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டார்.

அவள் சொல்லாமல் விட்டது இன்னொன்று. அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி. இந்த மாதக் கடைசியில் அறுவைச் சிகிச்சை. ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப் போட்டாயிற்று. "இன்னொரு தடவை தள்ளினீங்கன்னா அப்புறம் வெட்டி எடுக்க நான் எதுக்கு?" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மகளோ கடல் தாண்டி, யார் வீட்டிலோ யார் பிள்ளையையோ வளர்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடியாமல் கிளம்பினால் பாஸ்போர்ட்டைத் தர மாட்டார்கள். "கொஞ்சம் பொறுக்க முடியாதாம்மா?" என்று கேட்டுவிட்டு அவளே போனில் தேம்பினாள். பக்கத்து வீட்டில் ஒருநாள் விட்டுப் பார்த்ததில், அவர் அவர்கள் வீட்டுச் சமையலறை மூலையில் சிறுநீர் கழித்துவிட்டார். இவளைத் தவிர அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் ஒரு பிடிமானமும் இல்லை. இவள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவர் எங்கே போவார்? எந்நேரமும் அவள் நெஞ்சுக்குள் தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான்.

பேருந்து வந்து நின்றது. கதவு திறப்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு தலை நீண்டது.

"டேய் ஊசி! இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "ரேடியோ! உன் வாய் இன்னும் மூடலையாடா?"

தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்டாட்டி பெயரே சில காலை வேளைகளில் நினைவில்லாத மனுஷன், ஆளைப் பார்த்ததும் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டாரே!

அவர்கள் எல்லோரும் ஒரே பிரிவு. போர் முடிந்தபின் வயல்களிலும் பாதைகளிலும் புதைந்து கிடந்த கண்ணிவெடிகளை எடுத்தவர்கள். மண்டியிட்டு, நீண்ட குத்தூசியைச் சாய்வாக மண்ணில் இறக்கி, ஊசி முனை எதிலாவது தட்டுகிறதா என்று விரலால் கேட்டு, விரல் விரலாக முன்னேற வேண்டும். இதைத்தான் வழி போடுவது என்பார்கள். அதில் அவர் கை அத்தனை சுத்தம். ஊசி என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவர் ஒரு தையல்காரியைக் கட்டியபோது, "ஊசிக்கு ஏத்த நூல் கிடைச்சாச்சு" என்று இந்த ரேடியோதான் கல்யாணப் பந்தலைக் கலகலக்க வைத்தார். கம்பியில்லாச் செய்தி அனுப்பும் வேலையில் இருந்தவர் அவர். வாயை மூட மாட்டார் என்பதால் அந்தப் பெயர் இரட்டிப்பாய்ப் பொருந்திற்று.

சார்ஜன்ட் முன் இருக்கையில் இருந்தார். முட்டி இரண்டும் தேய்ந்து, கைத்தடியை இரு தொடைகளுக்கும் நடுவே ஊன்றியிருந்தார். "எப்படிடா இருக்க?"

"நல்லா இருக்கேன் சார்."

"வீட்ல எல்லாம் எப்படி?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "நானே குளிக்கிறேன் சார்," என்றார்.

பேருந்து முழுக்கச் சிரித்தது. "அப்பாடா, இப்பவாவது குளிக்கிறானே! முகாம்ல இவன் பக்கத்துல படுத்தவன் நானு!" என்று ரேடியோ கத்தினார். சார்ஜன்ட்டும் சிரித்தார். தையல்காரியும் சிரித்தாள். அவள் முதுகில் மட்டும் வியர்வை வழிந்தது.

முதல் நாள் ஒரு பழைய கோட்டைக்குப் போனார்கள். படிகள், பீரங்கிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் துருவேறிய வாள்கள். வெயில் முகத்தில் அறைந்தது. அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று, காதல் ஜோடி மாதிரி அவர் முழங்கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள்.

"பாருங்கடி, புதுசாக் கல்யாணமானவங்க போறாங்க," என்றாள் ரேடியோவின் மனைவி. "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

"அவர் வாயைப் பொத்தவே ரெண்டு கை வேணும். கோத்துக்க உனக்கு ஏது கை?" என்றாள் தையல்காரி. வாய் அதுபாட்டுக்குப் பேசியது. கண் கழிப்பறைக் கதவின்மேல் இருந்தது. போன மனுஷன் இன்னும் வரவில்லை.

உள்ளே போயிருந்த இன்னொரு பழைய தோழர், கட்டை என்பவர்தான் அவரை வெளியே அழைத்துவந்தார். முழங்காலுக்குக் கீழே அவருக்குச் செயற்கைக் கால். முன்பு மரம், இப்போது பிளாஸ்டிக். பெயர் மட்டும் கட்டை என்றே நின்றுவிட்டது.

"துடைப்பம் வைக்கிற அறைக்குள்ள நின்னுட்டிருந்தான்," என்றார் அவர், தாழ்ந்த குரலில். "எத்தனை நாளா இப்படி?"

"எப்படி? இருட்டுல கதவு தெரிஞ்சிருக்காது."

"தங்கச்சி, நான் ஒரு காலை விட்டவன். தரை சரியில்லன்னா எனக்கு முதல்லயே தெரிஞ்சிடும்."

"தயவு செஞ்சு சார்ஜன்ட் காதுல போட்டுடாதீங்கண்ணே."

அதன்பின் ஊசி எங்கே போனாலும் டக் டக்கென்று அந்தக் காலும் கூடவே போயிற்று.

மதியச் சாப்பாடு விடுதிக் கூடத்தில் நீளமான ஒரே மேசையில். வறுத்த மீன், சோறு, அவித்த முட்டை, வெள்ளரிக்காய். மீனில் முள் இருக்குமே என்று அவள் தட்டை மாற்றுகிற சாக்கில் முள் எடுத்த துண்டுகளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் நன்றாகவே சாப்பிட்டார். பழைய பேச்சு ஓட ஓட அவர் முதுகு நிமிர்ந்தது. எந்த வயலில் எந்தப் பக்கம் வரப்பு, அன்றைக்கு யாருக்குக் காய்ச்சல், எல்லாம் நாக்கு நுனியில். சார்ஜன்ட்டே இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்ல அவர் திருத்தினார்.

"விசில் கதையைச் சொல்லுடா ரேடியோ," என்றார் கட்டை.

அவர்கள் வேலையில் ஒற்றை நீள விசில் ஒன்று உண்டு. அது கேட்டால் எந்த இடமோ அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். தூக்கிய காலை மாற்றி வைக்கக் கூடாது. சார்ஜன்ட் பின்னாலிருந்து, அவனவன் மிதித்த தடத்தின் மேலேயே நடந்து வந்து தோளைத் தொடுகிறவரை அசையக் கூடாது. ஏதோ தென்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"இவன் ஒன்னுக்குப் போயிட்டு இருக்கான் அண்ணி," என்று ரேடியோ எழுந்து நின்று நடித்துக் காட்டினார். "விசில் அடிச்சாச்சு. எல்லாரும் சிலை. இவனும் சிலை. கையில பிடிச்சது பிடிச்சபடி. சார்ஜன்ட் வந்து தோளைத் தொடுறாரு, இவன் சொல்றான், 'சார், பேன்ட்டைப் போட்டுக்கலாமா?'"

மேசையே குலுங்கியது. ஊசிக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. சிரிப்பு ஓய்ந்ததும் அவர் ரேடியோவின் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"ஆமா, காலையிலேர்ந்து நம்ம கூடவே ஒரு அம்மா வர்றாங்களே, யாருடா அவங்க?"

அவர் கண் காட்டியது தையல்காரியைத்தான்.

"செத்தடா நீ!" ரேடியோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கறான் பாரு! அண்ணி, இன்னிக்கு ராத்திரி இவனை வெளியில படுக்கப் போடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் அவர் தோளில் செல்லமாக ஒரு அடி வைத்து, "வீட்டுக்கு வாங்க, யாருன்னு காட்டறேன்," என்றாள். தண்ணீர்க் குவளையை எடுத்தவள் குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள். சார்ஜன்ட் மட்டும் சிரிப்பை முடித்துக்கொண்டு, மீனில் முள்ளைத் தேடியபடி தலை குனிந்திருந்தார்.

மறுநாள் கடற்கரை. கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பாறைத்திட்டு, அதன் மேல் ஓய்வுபெற்ற கலங்கரை விளக்கம். கடல் உள்வாங்கும் நேரத்தில் மணலில் நடந்தே போய் வரலாம். தண்ணீர் திரும்புவதற்குள் வந்துவிட வேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள். முட்டிவலிக்காரர் சார்ஜன்ட் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மணலில் கால் புதையும் என்று கட்டையும் அவருக்குத் துணையாக இருந்துவிட்டார். மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

பாறையில் அவித்த முட்டையும் ரொட்டியும் பங்கு போட்டுத் தின்றார்கள். காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. திரும்பும்போது கூட்டம் சிதறிவிட்டது. ஒருவர் சிப்பி பொறுக்க, ஒருவர் படம் எடுக்க, ஆளாளுக்கு ஒரு திசை. ரேடியோவின் மனைவி தையல்காரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, படுக்கையில் கிடக்கும் தன் தாயாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே தையல்காரி புருஷனைத் தேடினாள். அவர் மணல்வெளியின் நடுவே தனியாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒழுங்காகக் கரையைப் பார்த்துத்தான் நடந்துகொண்டிருந்தார். சரி, விட்டுப் பிடிப்போம் என்று நினைத்தாள். கரையிலிருந்து சார்ஜன்ட் பார்க்கிறார் அல்லவா? தனியாக நடந்து வருகிற மனிதரை அவர் பார்க்கட்டும்.

கரையேறிவிட்ட ரேடியோ, பின்தங்கியவர்களைக் கூப்பிட விசிலை எடுத்தார். வேடிக்கைக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்தது. முதல் நாள் முழுக்க அதைப் பீப்பீ பீப்பீ என்று குட்டிக் குட்டியாக ஊதித்தான் எல்லோரையும் வண்டியில் ஏற்றினார். இங்கே காற்று இரைச்சலில் அது எடுபடவில்லை. ஆகவே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதினார்.

மணலில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் ஒரு கணம் நின்றார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "மடையன், எதை ஊதறதுன்னு இல்ல?" என்று வைதபடி நடந்தார்கள்.

ஊசி நடக்கவில்லை.

வலது கால் முன்னே, இடது குதிகால் சற்றே தூக்கியபடி. அப்படியே நின்றார். தையல்காரி முதலில் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தாள். அதற்குள் மணலின் பள்ளங்களில் தண்ணீர் சத்தமில்லாமல் ஊர ஆரம்பித்திருந்தது. இடமும் வலமுமாக இரண்டு நாக்குகள் நீண்டு அவருக்கு முன்னால் ஒன்று சேர்ந்தன.

"என்னங்க! வாங்க, தண்ணி வருது!"

அவர் திரும்பவில்லை. அவள் ஓடினாள். அவர் பக்கவாட்டில், கை நீட்டினால் எட்டிவிடாத தூரத்தில் வந்தபோது அவர் வாயிலிருந்து அவள் கேட்டறியாத ஒரு குரல் கிளம்பிற்று.

"நில்லு!"

அவள் நின்றுவிட்டாள்.

"காலைத் தூக்காத. யாரும்மா நீ? இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு கொடி நட்டிருக்கே, பாக்கலையா?"

"நான்தாங்க. தண்ணி வருதுங்க. கையக் குடுங்க." அவள் ஓரடி வைத்தாள். அவர் ஐயோ என்று அலறி, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு ஈர மணலில் குப்புற விழுந்தார். வெடிக்கும் என்று காத்திருந்தார். வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் மெல்ல முகத்தைத் தூக்கினார். மீசையெல்லாம் மணல்.

"தப்பிச்சிட்ட தாயீ. இனிமே அசையாத. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், அசையாத."

அவள் அசையவில்லை. இன்னொரு அடி வைத்தால் பயத்திலேயே அவர் உயிர் போய்விடும் என்று தோன்றியது. தண்ணீர் அவள் கணுக்காலுக்கு வந்தது. கரையில் யார் யாரோ கத்தினார்கள். ரேடியோ பதற்றத்தில் மறுபடி விசிலை ஊதினார், இரண்டு ஊதல், மூன்று ஊதல். நிறுத்த மட்டுமே விசில் இருந்தது அவர்களிடம். போகச் சொல்ல விசில் கிடையாது.

அவர் மண்டியிட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிப் பத்திரமாகப் பையில் போட்டார். பிறகு தண்ணீருக்கு அடியில் இருந்த மணலில் பேனாவைச் சாய்வாக இறக்கினார். காது கொடுப்பதுபோல் தலையைச் சாய்த்தார். எடுத்தார். ஒரு விரல் தள்ளி மறுபடி இறக்கினார். பொத்தானைத் துளையில் மாட்டத் தெரியாத விரல்கள், பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடிக்கிற விரல்கள், இப்போது சிறு நடுக்கமும் இல்லாமல் வரிசை தப்பாமல் வேலை செய்தன. அவர் அவளை நோக்கி வழி போட்டுக்கொண்டிருந்தார்.

"பயப்படாதம்மா. இதோ வந்துடறேன். பேர் என்ன?"

அவள் பெயரைச் சொன்னாள்.

"நல்ல பேரு. வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"வீட்டுக்காரர் இருக்காரு."

"தேடுவாரு பாவம். கவலைப்படாத, பொழுது சாயறதுக்குள்ள உன்னை அவர்கிட்ட சேர்த்துடறேன். கால் வலிக்குதா?"

"இல்லங்க."

"வலிச்சாலும் பொறுத்துக்கணும். நான் இருக்கேன்ல?"

இத்தனை பிரியமாக அவர் அவளிடம் பேசி எவ்வளவு காலமாயிற்று. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மண்டியிட்டிருந்த அவருக்கு அது இடுப்பு. அலை வந்து போகும்போதெல்லாம் அவர் போட்ட வழி அழிந்தது. அவர் பொறுமையாக மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பேனா மை உப்புத் தண்ணீரில் நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்து இழுக்கலாமா, இழுத்தால் வருவாரா, இரண்டு பேரும் சேர்ந்தே போய்விட்டால்தான் என்ன, ஆஸ்பத்திரியும் வேண்டாம், இல்லமும் வேண்டாம். அப்படியும் ஒரு எண்ணம் அவளுக்குள் வந்தது. வந்த எண்ணத்தை அவள் விரட்டவும் இல்லை.

"ஊசி! அசையாத! வர்றேன்!"

சார்ஜன்ட் தண்ணீருக்குள் இறங்கியிருந்தார். ஒரு பக்கம் கைத்தடி, மறுபக்கம் ரேடியோவின் தோள். முட்டி மடங்காமல் காலை இழுத்து இழுத்து, சுற்றி வந்து, ஊசிக்கு நேர் பின்னாலிருந்து நடந்து வந்தார். தடம் ஏதும் இல்லை. எல்லாம் தண்ணீர். இருந்தும், "என் தடத்துலயே வாங்க சார், இடது பக்கம் நான் இன்னும் பாக்கல," என்று ஊசி சொன்னபோது அவர், "சரிடா, தடத்துலதான் வர்றேன்," என்று இல்லாத தடத்தில் ஒவ்வொரு அடியாக வைத்தார். கை நீட்டி அவர் தோளைத் தொட்டார்.

ஊசியின் உடம்பு தளர்ந்தது. எழுந்து நின்றார். "சார், அந்தம்மா?"

"அவங்களை நான் பாத்துக்கறேன். நீ போ."

"வழி பாதிதான் போட்டிருக்கு சார்."

"இது உத்தரவு. போடா."

ரேடியோ அவரைத் தோளோடு அணைத்துக் கூட்டிப் போனார். போகும்போது அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் கரையேறுகிறவரை தையல்காரி அசையவில்லை.

சாயங்காலம் விடுதிக் கூடத்தில் அதே நீள மேசை. சூடான சூப்பும் ரொட்டியும் வைத்தார்கள். ஊசி போர்வையைச் சுற்றிக்கொண்டு, நடந்தது எதுவும் தன்னைச் சேர்ந்ததல்ல என்பதுபோல் ரொட்டியைப் பிய்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். ரேடியோவின் வாய் கட்டிப்போட்டதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

"தங்கச்சி," என்றார் சார்ஜன்ட். "சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. இல்லத்துல இவனைச் சேர்க்க முடியாது."

"இன்னிக்கு ஏதோ விசில் சத்தத்துல…"

"நேத்து மீன் சாப்பிடறப்பவே தெரியும். அப்பகூட சேர்த்துடலாம்னுதான் நினைச்சேன். ஆனா அங்க வாசக்கதவுக்குப் பூட்டே கிடையாதும்மா. நாங்கதான் வேணாம்னு வெச்சோம், ஜெயில் மாதிரி இருக்கக் கூடாதுன்னு. வாசலைத் தாண்டினா ரயில் பாதை. இவன் நடந்து போயி தண்டவாளத்துல நின்னா, அங்க போய் யாரு தோளைத் தொடுவா?"

"இவர் ரூமுக்கு மட்டும் ஒரு பூட்டுப் போட்டுக்குங்க. பூட்டு நான் வாங்கித் தர்றேன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒளித்து வைக்க இனி ஒன்றுமில்லை என்று ஆனதும், துணி அளவு சொல்கிற குரலில், கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, எந்தத் தேதி, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிப்பாவி அக்கா," என்றாள் ரேடியோவின் மனைவி. "ரெண்டு நாளா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், என்கிட்டகூடச் சொல்லலையே."

முன்பெல்லாம் இவர்களில் யார் முன்னால் போவது என்று சார்ஜன்ட் கேட்க வேண்டியதில்லை. அவர் தலையைத் தூக்கினாலே நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இப்போதும் அவர் தலையைத் தூக்கினார்.

"நானே மருமக வீட்டு மாடிப்படிக்கு அடியில கட்டில் போட்டுக் கிடக்கேன்," என்றார் கட்டை. "இன்னொரு ஆளைக் கூட்டிட்டுப் போனா, என் கட்டிலும் தெருவுல."

"நான் வர்றேன் அண்ணி," என்றார் ரேடியோ. "உங்க வீட்டுக்கே வந்து இவனைப் பாத்துக்கறேன். நான் ஊதினதுதானே…"

"எங்க போறீங்க?" என்றாள் அவர் மனைவி. குரலில் கோபம் இல்லை. "உங்க மாத்திரையையே நான்தான் உள்ளங்கையில வெக்கணும். இன்னிக்குத் தண்ணியில இறங்கிட்டு வந்து மூச்சு இழுத்ததைப் பாத்தேன்ல? சரி, நானும் வர்றேன்னு வெச்சுக்குவோம். எங்க அம்மாவுக்கு யாரு மலம் அள்ளறது?" அவள் தையல்காரியின் கையைப் பிடித்தாள். "அக்கா, மனசில்லாம இல்லக்கா."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?"

சார்ஜன்ட் தன் முட்டிகளைத் தடவிக்கொண்டார். தண்ணீரில் நடந்ததில் இரண்டும் பந்தாக வீங்கியிருந்தன. சூப் ஆறி மேலே ஏடு படிந்தது. யாரும் கரண்டியைத் தொடவில்லை.

அப்போது ஊசி போர்வையை உதறிவிட்டு எழுந்தார். விறைத்து நின்றார்.

"சார், ஒரு அனுமதி வேணும்."

"என்னடா?"

"அந்தம்மா இன்னும் அங்கயேதான் நிக்கிறாங்க. இருட்டறதுக்குள்ள போனா மிச்ச வழியையும் போட்டுடுவேன்."

ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தாங்க அது," என்றாள் தையல்காரி. "வந்துட்டேன். இதோ பாருங்க, துணி ஓரம் இன்னும் ஈரமா இருக்கு. தொட்டுப் பாருங்க."

அவர் குனிந்து மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நீங்க வேறம்மா. அவங்க ஒத்தையில நிக்கிறாங்க. வர்றேன்னு நான் சொல்லியிருக்கேன்."

அனுமதிக்காக ஊசி நின்றுகொண்டே இருந்தார். நின்ற நிலையிலேயே கால்கள் நடுங்கத் தொடங்கின. உத்தரவு வராமல் அவர் உட்காரப் போவதில்லை என்று தெரிந்தது.

தையல்காரி எழுந்தாள். மூலையில் காய்ந்துகொண்டிருந்த அவர் செருப்புகளை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி மாட்டினாள்.

"வாங்க, போய்ப் பாப்போம். நானும் வர்றேன்."

"இருட்டுதும்மா," என்றார் சார்ஜன்ட்.

"கரை வரைக்கும்தான் சார்."

அவர் முழங்கைக்குள் கை கோக்காமல், எல்லோரும் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கடல் சத்தம் உள்ளே வந்தது. கட்டையின் கால் பின்னால் டக்கென்று எழுந்தது.

"அவங்க எப்படி இருப்பாங்க? அடையாளம் சொல்லுங்க," என்று படி இறங்கிக்கொண்டே கேட்டாள்.

அவர் யோசித்தார்.

"முகம் நினைவில்லம்மா," என்றார். "ஆனா சொன்ன பேச்சைக் கேட்டு, முழங்கால் வரைக்கும் தண்ணி வந்தும், அசையவே இல்ல."